யூதர் மனையில் திருநாள்

திருநாள் என்ற அளவில் நம் மனக்கண்முன் எழுவன கொடியும் மேளமும் தெருவை நிரப்பும் மக்கட் கூட்டமுமாம். ஊரார் ஒருங்கு கூடுதற்குரிய பொதுவிடம் இன்றித் திருநாள் நிகழ்தல் அரிது என்றே நாம் எண்ணுகின்றோம். ஆயின், தமக்கென ஓர் ஆலயமும் அரசும் இல்லாமல், பல தேசங்களிற் சிதறி, பல நூற்றாண்டுகள் வாழ்ந்த மக்கள் தம் முன்னோர் திருநாட்களைக் கைவிடாது காத்தனர். அவர் யூதர். கி. பி. 70ஆம் ஆண்டில் உரோமர் எருசலேம் ஆலயத்தைத் தீக்கிரையாக்கினர். பலிபீடம் ஒழிந்தது, குருமாரின் ஊழியம் நின்றது. அப்பொழுது அத்திருநாட்கள் எங்கே சென்று தங்கின? ஒரு பாதி ஜெபாலயத்திற் புகுந்தது. மறுபாதி வீட்டினுள் வந்து, உண்ணும் மேசையருகே அமர்ந்தது. பலிபீடம் இல்லாத காலத்தில் மனிதனுடைய மேசையே அதன் இடத்தில் நிற்கும் என்று தல்மூத் ஆசிரியர்கள் கருதினர். பலிகளோடு உப்புச் சேர்க்கவேண்டும் என்னும் லேவியராகம விதியை நினைந்து, யூதர் அப்பத்தைப் பிட்டு உப்பிலே தோய்த்து உண்ணும் வழக்கம் இன்றும் உளது.

இத்திருநாட்களின் பெயர்களை யான் சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்ததுண்டு. பஸ்கா, வாரங்களின் பண்டிகை, எக்காளப் பண்டிகை, பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை என்று லேவியராகமம் 23ஆம் அதிகாரம் வகுத்துக் கூறும் வரிசையை நம்மில் அறியாதார் சிலரே. நாள், மாதம், பலி ஆகியவற்றை அறிந்தேன். எனினும், கல்லூரிக்கு வந்து அம்மக்களின் இல்வாழ்க்கையைப்பற்றிச் சில நூல்களைக் கற்ற பின்னரே, அதுகாறும் எழாத ஒரு வினா என்னுள் எழுந்தது. அத்திருநாட்களில் உணவு சமைத்தவர் யாவர்? அவர் எப்பொழுது அமர்ந்தார்?

இவ்வினா எழுதற்குக் காரணம் உண்டு. எங்கள் இல்லத்தில் கிறிஸ்துமஸ் நாளாயினும் உயிர்த்தெழுந்த திருநாளாயினும், என் அன்னையார் மற்றையோருடன் பந்தியில் அமர்ந்து உண்டதை யான் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாங்கள் மரத்தடியில் நின்று உறவினருடன் அளவளாவும்போது, அவர் விரைந்து வீடு திரும்புவார். நாங்கள் வந்து சேரும்போது அடுப்படியில் இருப்பார். ஓய்வுநாள் என்று நாங்கள் அழைத்த நாளே அவருக்கு வாரத்தின் நெடிய நாள். இது எங்கள் இல்லத்துக்கே உரிய குறை அன்று. இதனைப் படிப்போர் பலரும் தம் இல்லத்தை நினைந்துகொள்வர் என நம்புகின்றேன்.

யூதர் நாளை மாலையிலிருந்து கணக்கிடுகின்றனர். படைப்பின் வரலாற்றில் மாலை முன்னும் விடியல் பின்னுமாக அமைந்திருத்தலே இதற்கு ஆதாரம். ஆதலால் அவர்தம் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தோன்றும்போது முடிகின்றது. இச்சிறு வேறுபாடு வீட்டு வேலையின் முறையையே மாற்றிவிடுகின்றது. வேலைக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை வானத்துச் சூரியனே இடுகின்றது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் யூதர் இல்லம் பரபரப்பாகவே இருக்கும். வீடு பெருக்க வேண்டும். பிள்ளைகளை நீராட்ட வேண்டும். இரண்டு அப்பங்கள் சுடவேண்டும். வனாந்தரத்தில் ஆறாம் நாளில் இருமடங்கு மன்னா விழுந்ததன் நினைவாக அவை இரண்டாயின. மறுநாள் உண்பதற்குரியதும் அன்றே அடுப்பேறவேண்டும்.

சூரியன் மறைதற்குச் சில நிமிடங்கள் முன்னரே — 18 நிமிடங்கள் என்பது பெருவழக்கு — இல்லத்தலைவி விளக்கேற்றுகின்றாள். இரண்டு மெழுகுதிரிகளாயினும், எண்ணெய் விளக்குகளாயினும், ஏற்றியபின் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு துதி கூறுகின்றாள். மனைவியை மனையின் விளக்கு எனப் போற்றுதல் நம் பண்டைப் புலவர் மரபு. அங்கோ அவ்விளக்கை ஏற்றுதல் அவளுக்கே சிறப்பாக உரிய கடமை. அவள் சுடர் ஏற்றிய அக்கணமே அவளளவில் திருநாள் தொடங்கிவிடுகின்றது. அதன்பின் அவள் அடுப்பு மூட்டுதல் ஆகாது.

யாத்திராகமம் 35ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உளது. ஓய்வுநாளில் வாசஸ்தலங்களில் நெருப்பு மூட்டலாகாது என்பது அதன் கருத்து. யான் இதனை முன்பு படித்தபோது, கடுமையான விதிகளுள் ஒன்றெனக் கொண்டு கடந்துபோனேன். இப்பொழுது அது வேறொரு பொருளுடன் என் செவியில் ஒலிக்கின்றது. வயலில் வேலையை நிறுத்து எனின் அது ஆடவர்க்கு ஓய்வாகும். அடுப்பில் நெருப்பு மூட்டாதே எனின் அது யாருக்கு ஓய்வு? ஏறக்குறைய கி. பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் நூல், ஓய்வுநாளில் விலக்கத்தக்க தொழில்கள் 39 என வகுக்கின்றது. உழுதல், விதைத்தல், அறுத்தல் ஆகியவற்றோடு மாவரைத்தல், சலித்தல், பிசைதல், சுடுதல், நூற்றல், தைத்தல் என்பனவும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. வீட்டினுள் செய்யப்படும் வேலையும் வேலையே என்று அவ்வாசிரியர்கள் கண்டனர்.

பசிக்கு என் செய்வது என்று வினவலாம். வெள்ளிக்கிழமையன்றே பயறும் இறைச்சியும் தானியமும் ஒரு பானையிலிட்டு மூடி, தணிந்த சூட்டில் இரவு முழுவதும் வைத்துவிடுவர். கிழக்கு ஐரோப்பிய யூதர் இவ்வுணவைச் சோலெண்ட் என்பர். கீழைத்தேயத்து யூதர் பலர் ஹமீன் என்பர். சிற்றூர்களில் தங்கள் பானைகளை அப்பம் சுடுவோனுடைய பெரிய அடுப்பில் வெள்ளி மாலையில் ஒப்படைத்து, சனி நண்பகலில் எடுத்துவருவதும் வழக்கமாயிருந்தது. ஊர் முழுவதற்குமாக ஓரடுப்பு விழித்திருக்க, வீட்டடுப்புக்கள் யாவும் உறங்கின. விளக்கேற்றிய பின் தந்தை பிள்ளைகளின் தலைமேல் கைவைத்து ஆசீர்வதிக்கின்றார்; நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்திலுள்ள குணசாலியான பெண்ணின் புகழ் மேசையருகே பாடப்படுகின்றது. அதனைக் கேட்கும் பெண் அப்பொழுது அங்கே அமர்ந்திருக்கின்றாள் என்பதே என் உள்ளத்தைத் தொட்டது. நாமும் அவ்வதிகாரத்தை வாசிக்கின்றோம். ஆயின் நாம் வாசிக்கும்போது நம் அன்னையர் பெரும்பாலும் அடுப்படியில் இருக்கின்றனர்.

பஸ்காத் திருநாளோ வீட்டையே தலைகீழாக்கிவிடுவது. நிசான் மாதம் 15ஆம் நாள் தொடங்கும் இத்திருநாள் இஸ்ரேல் நாட்டில் 7 நாளும், வெளிநாடுகளில் மரபு வழுவாதார் இல்லங்களில் 8 நாளும் நடைபெறும். அந்நாட்களில் புளித்த மாவின் துணுக்கும் வீட்டில் இருத்தல் ஆகாது. ஆதலின் பல வாரங்கள் முன்னரே அலமாரிகளும் பாத்திரங்களும் துலக்கப்படுகின்றன. முந்திய இரவில் தந்தையும் பிள்ளைகளும் மெழுகுதிரியும் இறகும் கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேடுகின்றனர். அகப்பட்ட துணுக்குகளை மறுநாட் காலையில் எரிக்கின்றனர். புளியாத அப்பத்துக்குரிய மாவில் நீர் பட்டது முதல் 18 நிமிடங்களுக்குள் அதனைப் பிசைந்து சுட்டு முடித்தல் வேண்டும்.

அன்றிரவு விருந்தில் முதலிற் பேசற்குரியார் பெரியோர் அல்லர், வீட்டின் இளங்குழந்தையே. ஏனைய இரவுகளினின்று இவ்விரவு ஏன் வேறுபட்டது என்று குழந்தை வினவ, நாம் எகிப்தில் அடிமைகளாயிருந்தோம் என்று தொடங்கித் தந்தை விடை பகர்கின்றார். கசப்பான கீரை அடிமைத்துயரையும், உப்புநீர் கண்ணீரையும், பழமும் கொட்டையும் கலந்த பிசைவு செங்கல்லுக்கு மிதித்த சேற்றையும் நினைவூட்டுகின்றன. பெரியோர் கற்பிக்கத் தொடங்குமுன் சிறியோர் கேட்கவேண்டும் என்னும் இம்முறை, கல்வி பயிலும் நமக்கும் ஓர் அரிய பாடமாம்.

அவ்விரவில் மற்றொரு விதியும் உண்டு. உண்போர் இடப்புறம் சாய்ந்து உண்ணவேண்டும். முற்காலத்தில் சாய்ந்து உண்ணுதல் அடிமைகளுக்கு இயலாத, உரிமை பெற்றோர் இயல்பு. இஸ்ரவேலில் மிக வறியவனும் சாயாமல் உண்ணலாகாது என்று மிஷ்னா விதிக்கின்றது. பெண் சாயவேண்டுமோ என்னும் ஐயம் தல்மூத் ஆசிரியர்களுக்கு எழுந்தது. கணவன் அருகிலிருக்கும் மனைவிக்கு அக்கடமை இல்லை. ஆயினும் மதிப்புடைய பெண்ணாயின் அவளும் சாய்தல் வேண்டும் என்று அவர் முடிவு செய்தனர். இடைக்காலத்து ஐரோப்பிய ஆசிரியர் சிலர் இதற்கு உரை காணும்போது, நம் பெண்கள் அனைவரும் மதிப்புடையோரே என்றனர். மூல விதியை மாற்றாமல், ஒரு சொல்லின் பொருளை விரித்து, அடுப்படியிலிருந்தவளை மேசைக்கு அழைத்த அவ்வுரையாசிரியரை யான் வணங்குகின்றேன். உரைநூல்களைக் கற்கும் தமிழ் மாணவன் ஆதலின், உரையின் ஆற்றல் எத்துணைத்து என்பதை இவ்விடத்தில் நன்குணர்ந்தேன்.

பஸ்கா விருந்தின் இறுதியில் எலியா தீர்க்கதரிசிக்கென ஒரு கிண்ணம் வைத்து, வாயிற்கதவைத் திறப்பர். கிறிஸ்தவனாகிய யான் இதனை நாணத்துடன் எழுதவேண்டியவனாயிருக்கின்றேன். ஐரோப்பாவில் இக்கதவைத் திறத்தல் பல காலங்களில் அச்சம் தருவதாயிருந்தது. யூதர் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்றனர் என்னும் பொய்ப்பழி, 1144ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நாரிச் நகரிலே இறந்த ஒரு சிறுவனைப்பற்றி எழுந்து, பின்னர்ப் பல நாடுகளிற் பரவியது. நம் பரிசுத்த வாரமும் அவர்தம் பஸ்காவும் அடுத்தடுத்து வருவனவாதலின், நம் பக்தி மிகுந்த நாட்களே அவர்க்கு இடர் மிகுந்த நாட்களாயின. குருதி எனப் பழி கூறுவர் என்று அஞ்சிச் செந்நிறத் திராட்சரசத்தை விலக்கி வெண்ணிறத்ததனைப் பயன்படுத்தியோரும் உண்டு. ஆண்டுதோறும் பஸ்காவுக்கு எருசலேம் சென்ற நாசரேத்துக் குடும்பத்தைப்பற்றி லூக்கா எழுதியதை வாசிப்போர், அக்குடும்பத்தின் திருநாளைக் கொண்டாடியவரையே துன்புறுத்தினர் என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

ஏனைய திருநாட்களும் வீட்டையே அரங்காகக் கொண்டன. கூடாரப் பண்டிகையில் வீட்டுக்கு வெளியே, தழைகளால் வேய்ந்து, விண்மீன்கள் இடையே தோன்றும் கூரையுடைய குடிலில் 7 நாள் உண்கின்றனர். பூரீம் திருநாளில் எஸ்தரின் வரலாற்றை வாசித்து, நண்பர்க்கு உணவும் வறியோர்க்குப் பொருளும் அனுப்புகின்றனர். கி. மு. 164இல் எருசலேம் ஆலயத்தை மீண்டும் பிரதிஷ்டை செய்ததை நினைவுகூரும் ஹனுக்கா, 8 இரவுகள் நாளுக்கொன்று மிகையாக விளக்கேற்றும் திருநாள். அவ்விளக்குக்களை வீதியிற் செல்வோர் காணும் இடத்தில் வைத்தல் முறை. ஆபத்துக் காலமாயின் மேசைமேல் வைத்தாலும் போதும் என்பது தல்மூத். அவ்விளக்குக்கள் எரியும் அளவும் பெண்கள் வேலை செய்யாதிருப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். மாதந்தோறும் பிறை தோன்றும் முதல் நாளிலும் பெண்கள் வேலையைக் குறைத்துக்கொள்ளும் மரபு உண்டு.

இவற்றைக் கொண்டு யூதப் பெண்களுக்கு வேலை குறைவு என்று யான் கூறவில்லை. ஓய்வுநாள் அல்லாத திருநாட்களில், முன்னரே எரியும் நெருப்பைக் கொண்டு உணவு சமைத்தற்கு இடமுண்டு. எனவே அந்நாட்களில் சுமை மீண்டும் அவர்மேல் ஏறுகின்றது. பஸ்காவுக்கு முன் களைத்துப்போகும் அன்னையரைப்பற்றி அம்மக்களே நகையாடிக் கூறுவர். இக்காலத்தில் எல்லா யூதரும் எல்லா விதிகளையும் கைக்கொள்வதும் இல்லை. வெள்ளி மாலை விளக்கையும் பஸ்கா இரவின் விருந்தையும் மட்டும் காப்போர் பலர். ஆயினும், வேலைக்கு முடிவு உண்டு என்பதையும், முடிந்தபின் செய்தவளும் அமரவேண்டும் என்பதையும் அவ்வோய்வுநாட் சட்டம் மறக்கவில்லை.

இம்முறையின் வலிமையை வரலாறு காட்டும். 1492ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு மன்னர் யூதரை வெளியேற்றினர். மதம் மாறி அங்கேயே தங்கியவருட் சிலர், மறைவில் பழைய நெறியைக் காத்தனர். அவரைக் கண்டுபிடிக்க மதவிசாரணை மன்றத்தார் வெளியிட்ட அறிக்கைகளில் எவ்வெவற்றை அடையாளமாகக் கூறினர்? வெள்ளி மாலையில் விளக்கேற்றுதல், சனிக்கிழமையில் தூய ஆடை அணிதல், சனிக்கிழமைக்குரிய உணவை முந்திய நாளே சமைத்தல். ஜெபாலயமும் போதகரும் நூலும் இழந்த பின்னரும், வீட்டுப் பெண்களின் கைப்பழக்கத்தில் ஒரு சமயம் தங்கியிருந்தது.

ஸ்பெயினிலும் போர்ச்சுக்கலிலும் இருந்து ஓடியவருட் சிலர் நம் அண்டையிலுள்ள கொச்சியை வந்தடைந்தனர். அங்கே அவர்க்கு முன்னரே நெடுங்காலம் வாழ்ந்த யூதர் இருந்தனர். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறக்குறைய கி. பி. 1000இல் ஜோசப் ரப்பான் என்பார்க்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உளது. தமிழ் பயில்வோர் அதனை அறிவர். மட்டாஞ்சேரியில் அரண்மனையை அடுத்து 1568இல் எழுந்த ஜெபாலயத்தைச் சென்ற ஆண்டு உடன் பயிலும் நண்பருடன் யான் கண்டேன். நம் நாட்டு வழக்கப்படி காலணியைக் களைந்தே உட்புகவேண்டும். நீலமும் வெண்மையுமான சீனத்து ஓடுகள் தரையிற் குளிர்ந்தன. 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர், சிறப்பாக 1950க்குப் பிற்பட்ட பத்தாண்டில், கொச்சி யூதருட் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். இன்று எஞ்சியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

அம்மக்கள் பஸ்காவுக்கு ஆயத்தம் செய்த முறையைப் படித்து வியந்தேன். ஹனுக்கா முடிந்தது முதலே வேலை தொடங்குமாம். சுவர்களுக்கு வெள்ளையடித்து, கிணற்றையும் தூய்மை செய்து, பஸ்காவில் உண்பதற்குரிய அரிசியை ஒவ்வொரு மணியாக ஆராய்ந்து எடுத்துவைப்பர். அப்பெண்கள் மலையாளத்திற் பாட்டுக்களும் பாடினர். திருமணத்திலும் திருநாளிலும் பாடுதற்கென அவற்றைக் கையேடுகளில் எழுதி, தாயர் மகளிர்க்கு அளித்தனர். கடல் கடந்து சென்றபோதும் அக்கையேடுகளை உடன் கொண்டுபோயினர். ஜெபாலயம் ஈண்டு நிற்க, திருநாள் பெண்களோடு புறப்பட்டுச் சென்றது என்பதே பொருத்தம்.

சென்ற கோடை விடுமுறையில், இவற்றையெல்லாம் என் தமக்கையிடம் கூறினேன். ஒரு சனிக்கிழமை மாலை நாங்கள் மூவருமாக மறுநாளைக்குரிய குழம்பும் துவையலும் ஆக்கி, சோறு மட்டும் காலையில் வடித்துவைத்தோம். தந்தையார் தேங்காய் துருவினார். ஞாயிறன்று ஆராதனை முடிந்து வந்ததும் அனைவரும் ஒரே பாயில் அமர்ந்தோம். என் தம்பி அடுப்படியை எட்டிப் பார்த்து, “இன்றைக்கு ஏன் அடுப்பு எரியவில்லை, அம்மா?” என்றான். ஆயிரமாண்டுகளாக அம்மக்களின் பிள்ளைகள் கேட்டுவந்த வினாவின் இனத்தைச் சேர்ந்ததன்றோ இது! அன்னையார் இருமுறை எழ முயன்றார். தமக்கை கையைப் பிடித்து அமர்த்தினாள். “சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது, ஐயா,” என்று என்னிடம் கூறினார். அக்கூச்சம் ஒரே நாளில் நீங்குவதன்று. பல ஆண்டுகளாக நாங்கள் பழக்கியது அது.

நம் திருவள்ளுவர் இல்லறத்துக்கு 20 அதிகாரம் வகுத்து, விருந்தோம்பலை அதன் சிறப்புக்களுள் ஒன்றாக வைத்தார். விருந்து ஓம்பும் இல்லங்கள் நம் நாட்டிற் குறைவில்லை. ஓம்புகின்றவர்க்கும் ஒரு நாள் விருந்து வேண்டும் என்பதையே யூதர் திருநாட்கள் எனக்குக் கற்பித்தன. யாத்திராகமத்தின் ஓய்வுநாட் கட்டளை மகனையும் மகளையும், வேலைக்காரனையும் வேலைக்காரியையும், மிருகத்தையும், வாசலில் இருக்கும் அந்நியனையும் பெயர்சொல்லி அழைத்து ஓய்வு தருகின்றது. மனைவியை அது தனியே கூறவில்லை; கட்டளை பெறும் ‘நீ’ என்னும் சொல்லில் அவளும் அடங்குவள் என்றே உரைகாரர் கொள்வர். அவ்வுரையை ஏட்டளவில் நிறுத்தாது, வாரத்தில் ஒரு வேளையேனும் நம் மனைகளில் நடத்திக்காட்டுவோமாயின், நாம் கற்ற கல்விக்கு அது தக்க பயனாகும்.